கடினமான லினக்ஸை எளிதாக நிறுவலாமா? மின்ட், டெபியன், ஆர்ச்: ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் என்றால், ஒருசில விலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசசரை அது ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கோயில் மண்டபத்தை ஒட்டித் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள், அலுவலகங்கள் கழித்துக் கொடுத்த கணினிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அதில் மின்ட், டெபியன், ஆர்ச் என்று பல வகை உண்டு. எந்த லினக்ஸ், எப்படிப் போடுவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை, "ஆர்ச் போடுவோம் அங்கிள், அதையும் கையாலேயே போடுவோம்" என்கிறது. நிர்வாகக் குழுப் பெரியவரோ, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டினால் முடிகிற ஒன்று போதும் தம்பி" என்கிறார். இப்போது ஆர்ச்சுக்கே கேள்வி கேட்டு நிறுவித் தரும் ஸ்கிரிப்ட் வந்துவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. தெரிந்தவர்களுக்கென்று இருந்த இயங்குதளத்தை யாரும் போடலாம் என்று ஆக்குவது நல்லதா?

நிறுவுவது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு அந்தக் கணினி நான்கைந்து வருடம் ஓட வேண்டும். எளிய இன்ஸ்டாலர் சில சிரமங்களை உண்மையிலேயே நீக்கிவிடுகிறது. சிலவற்றைக் கம்பளத்துக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறது. எந்த வழி எதைத் தள்ளுகிறது என்று தெரிந்தால் முடிவெடுக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஆள். மாதம் ஒருமுறையாவது டெர்மினலை (கட்டளை அடிக்கும் திரையை) திறந்து பார்க்கக்கூடிய ஒருவர் அந்த அறைக்கு இருக்கிறாரா? அவர் வேலை கிடைத்து ஜோகன்னஸ்பர்க் போய்விட்டால் அடுத்தவர் யார்? மற்ற எல்லா அளவுகோலையும் விட இதற்கு எடை அதிகம்.

அடுத்தது டேட்டா. மண்டபத்துக்கு ஃபைபர் வருகிறது என்றால் இதைத் தாண்டிப் போகலாம். சிம் போட்ட ரவுட்டர்தான் என்றால் ஒவ்வொரு ஜிபியும் கணக்கு. இந்த நாட்டில் லினக்ஸை எளிதாக்க நடந்த முயற்சிகளும் இதை மனத்தில் வைத்தே இருந்தன. இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த்தின் உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2004 அக்டோபரில் வந்தது. சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பும் ஷிப்இட் என்ற சேவையும் அதற்கு இருந்தது. 2011 வரை நடந்தது. அவருடைய அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளை இங்கே பல இடங்களில் வைத்தது. வெற்று சிடியைக் கொண்டுபோனால் லினக்ஸைப் பதித்துக்கொண்டு வரலாம். இன்ஸ்டாலர் திரை அழகாக இருப்பதை விட, பதிவிறக்கவே தேவையில்லை என்பதுதான் அன்று பெரிய எளிமை.

மூன்றாவது மின்சாரம். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவது) வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் அட்டவணை பார்த்து வருவதில்லை. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதில் ஒவ்வொரு வழிக்கும் வேறு பதில்.

பிறகு எத்தனை கணினி என்பது. ஒன்றுக்குச் சரியான வழி பன்னிரண்டுக்குச் சரிப்படாது. கடைசியாக, தமிழ் எழுத்தும் தட்டச்சும் எவ்வளவு சிரமமில்லாமல் அமைகின்றன என்பது.

படமும் பொத்தானும் இருந்தால்தான் எளிது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி-யின் இன்ஸ்டாலர் முழுக்க எழுத்துத் திரைதான். ஆனால் கேள்விகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான விடை முன்கூட்டியே நிரப்பியிருக்கும். பெரும்பாலும் என்டர் தட்டினால் போதும்.

## லினக்ஸ் மின்ட்: தட்டிக்கொண்டே போனால் முடிவது

ஐஎஸ்ஓ, அதாவது பென்டிரைவில் ஏற்றும் நிறுவல் கோப்பு, சுமார் 3 ஜிபி. ரேம் 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. உபுண்டுவின் ஐஎஸ்ஓ 6 ஜிபியை ஒட்டிவிட்டது, ரேமும் கூடுதலாகக் கேட்கிறது. அதனால் பழைய கணினிக்கு மின்ட்டையே எடுத்துக்கொள்கிறோம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம். இந்த வசதி ஒன்றுக்காகவே நன்கொடைக் கணினிகளை முதலில் மின்ட்டில் சோதிப்பது நல்லது.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, டிஸ்கை அழித்து நிறுவு என்ற தேர்வு. அதைத் தட்டினால் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரு பகுதி) அல்ல, டிஸ்க் முழுவதும் போகும். ஆசிரியரின் பத்து வருடப் பாடக்குறிப்பு டி டிரைவில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். பெயரைப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

இரண்டாவது, டிஸ்கே தெரியாமல் போவது. பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் இன்ஸ்டாலர் கண்ணுக்கு டிஸ்க் படாமல் போகலாம். அதை ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் இந்த மாற்றத்துக்கு முன் விண்டோஸைத் தயார்ப்படுத்தவில்லை என்றால் அது நீலத் திரையில் நிற்கும். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் மல்டிமீடியா கோடெக் (ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்கும் நிரல்) பெட்டியை டிக் செய்தால் இன்ஸ்டாலர் ஒரு கடவுச்சொல் கேட்கும். எதற்கு என்று யாரும் படிப்பதில்லை, எதையோ அடித்துவிட்டுப் போவார்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று பத்து விநாடி எண்ணும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் திரை தானாக மறைந்து மின்ட் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் பிராட்காம் வைஃபை, என்விடியா போன்ற தனி டிரைவர்கள் ஏற்றப்படாது. "நேற்றுப் போட்டோம், இன்று வைஃபை இல்லை" என்ற புகார் எழுவது இங்கேதான். அந்தப் பத்து விநாடிக்குள் விசையைத் தட்டி, சாவியைப் பதிவுசெய் என்ற வரிக்குப் போய், நிறுவும்போது கொடுத்த அதே கடவுச்சொல்லை அடித்திருந்தால் வேலை முடிந்தது.

மின்ட்டின் பலம் நிறுவிய பிறகுதான் தெரியும். கணினியின் நிலையைப் பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. வாரம் ஒரு நிலைப்படம் என்று அமைத்துவிட்டால், அப்டேட் சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். பழைய கர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) கணினி தொடங்கும்போது வரும் பூட் பட்டியலில் இருக்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால், பெரும்பாலும் பழைய கர்னலில் ஏறி, அரைகுறையாக நின்ற பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) டிபிகேஜி என்ற கட்டளை கொண்டு முடித்துவிடலாம்.

## டெபியன்: கொஞ்சம் கேட்கும், நிறையத் தாங்கும்

மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 800 எம்பிக்குள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து, வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும் ஃபர்ம்வேர் உள்ளேயே வருகிறது. முன்பு வைஃபைக்காகத் தனிக் கோப்பைத் தேடிப்பிடித்து இன்னொரு பென்டிரைவில் வைக்க வேண்டியிருந்தது; அந்தத் தலைவலி ஒழிந்தது. இன்ஸ்டாலரை எளிதாக்கி யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாத இடம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். 2020 முதல் 2024 வரை டெபியன் திட்டத் தலைவராக இருந்த ஜொனாதன் கார்ட்டர் தென்னாப்பிரிக்கர். டெபியனின் லைவ் பதிப்பில் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் பதிப்பு) கலமாரிஸ் என்ற எளிய இன்ஸ்டாலர் சேர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு.

தமிழில் நிறுவ விரும்புவோர் வரைகலை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துத் திரை முறையின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்காது.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் திரையில் எதையாவது நிரப்பினால், பிறகு உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) கிடைக்காது. இணையத்தில் பார்த்த கட்டளையெல்லாம் மறுக்கப்படும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டால் முதல் பயனருக்கே உரிமை வந்துவிடும்.

பன்னிரண்டு கணினி உள்ள அறைக்கு டெபியன்தான் எங்கள் தேர்வு. காரணம் இதுதான். ஒரு கணினியில் முதலில் நிறுவி, அதில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பொதியைப் போடுங்கள். மற்றவற்றில் நிறுவும்போது எச்டிடிபி பிராக்சி கேட்கும் திரை வரும். பலரும் காலியாக விட்டுத் தாண்டும் திரை அது. அங்கே முதல் கணினியின் உள்முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் கொடுத்தால், ஒருமுறை இறங்கிய பொதிகளே மற்றக் கணினிகளுக்கும் போகும். பின்னால் வரும் அப்டேட்டும் அப்படியே. முதல் கணினி அணைந்திருந்தால் மற்றவற்றில் அப்டேட் நின்றுவிடும் என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். கேள்விகளுக்கான விடைகளை ப்ரீசீட் கோப்பில் எழுதி வைத்தால், நிறுவும்போது தட்டச்சே ஏறக்குறைய இருக்காது.

ஒரு பதிப்புக்கு மூன்று வருட முழு ஆதரவு, மேலும் இரண்டு வருட எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு). மென்பொருள் பழசாகத்தான் இருக்கும். வகுப்பறையில் அது குறையே அல்ல. ஆனால் 32-பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினிக்கு டெபியன் 13-இல் இன்ஸ்டாலர் கிடையாது.

## ஆர்ச், ஸ்கிரிப்ட் வழி: சண்டை நடப்பது இங்கேதான்

ஆர்ச்சில் முன்பு ஏஐஎஃப் என்ற நிறுவல் கருவி இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒன்பது வருடம் ஆர்ச்சின் விக்கி வழிகாட்டியைப் பார்த்துக் கையால் நிறுவுவதுதான் வழி. அதைப் பலர் ஒரு விரதம்போலவே ஆக்கிவிட்டார்கள். 2021 ஏப்ரலில், கேள்வி கேட்டு நிறுவித் தரும் ஆர்ச்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் சேர்ந்தது. தெரியாதவர்கள் குவிந்து எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் அப்போது பலருக்கு. ஆர்ச் அப்படியே இருக்கிறது. நிறுவலைக் கடினமாக வைத்துத்தான் தரத்தைக் காக்க முடியும் என்ற வாதத்தை இனி யாரும் நம்மிடம் விற்க முடியாது.

ஆனால் எதிர்த்தவர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அது தரத்தைப் பற்றியது அல்ல, பழுதுபார்ப்பதைப் பற்றியது.

கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்தான் பூட்லோடர். 2022 ஆகஸ்டில் கிரப் என்ற பூட்லோடரில் ஓர் அப்டேட் வந்தது. கிரப் இரண்டு துண்டாக இருக்கிறது: பூட் பார்ட்டிஷனில் பதிந்திருக்கும் நிரல் ஒன்று, அது படிக்கும் அமைப்புக் கோப்பு மற்றொன்று. ஆர்ச்சில் பொதி புதுப்பிக்கப்பட்டாலும் பூட் பார்ட்டிஷனில் உள்ள நிரல் தானாக மாறாது. புதிய பொதி உருவாக்கிய அமைப்புக் கோப்பில் இருந்த ஒரு கட்டளை பழைய நிரலுக்குப் புரியவில்லை. கணினியை இயக்கினால் பயாஸ் திரைக்கே திரும்பிப் போனது. அமைப்புக் கோப்பை மட்டும் தானாகப் புதுப்பிக்கும் வசதி சேர்த்திருந்த, ஆர்ச் வழிவந்த வகைகளில்தான் அடி பலம். எதையும் தொடாமல் விட்ட ஆர்ச் பயனர்கள் தப்பினார்கள். வசதிக்காகச் சேர்த்த அந்த அரைத் தானியக்கமே வினையானது.

தீர்வு இரண்டு கட்டளை: பென்டிரைவில் ஏறி, பார்ட்டிஷன்களை மவுன்ட் செய்து (கோப்புகள் தெரியும்படி இணைத்து), ஆர்ச்-சிரூட் போட்டு நிறுவிய லினக்ஸுக்குள்ளே போய், கிரப்-இன்ஸ்டாலையும் கிரப்-எம்கேகான்ஃபிகையும் ஓட்ட வேண்டும். கையால் நிறுவியவருக்கு இந்த நான்கு படியும் பழக்கம், ஏனென்றால் நிறுவியதே அப்படித்தான். ஸ்கிரிப்டில் போட்டவருக்குத் தன் கணினியில் கிரப் இருக்கிறதா, சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடர் இருக்கிறதா என்பதே தெரியாமல் இருக்கலாம். ஆர்ச்இன்ஸ்டாலின் உண்மையான விலை இதுதான்.

இப்படிப்பட்ட நாள்கள் ஆர்ச்சில் வருடத்துக்குச் சில வரும். 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் பல துண்டாகப் பிரித்தபோது அப்டேட் கோப்பு மோதலில் நின்றது. பழைய பொதியைச் சார்புகள் பார்க்காமல் நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. ஆர்ச்சின் முகப்புச் செய்தியைப் படிக்காமல் அப்டேட் தட்டுபவர்களுக்கு ஆர்ச் ஒத்துவராது.

வகுப்பறைக்கு இன்னொரு தனித் தொல்லை. டிசம்பர் நடுவில் பூட்டி, தைப்பூசக் காவடி முடிந்த பிறகு திறக்கும் அறை என்றால் கணினி இரண்டு மாதம் அப்டேட் பார்க்காமல் கிடந்திருக்கும். இதற்குள் பொதிகளில் கையெழுத்திடுபவர்களின் சாவிகள் மாறியிருந்தால், ஆர்ச்சில் பொதிகளை நிறுவும் கருவியான பேக்மேன், கையெழுத்து செல்லாது என்று மறுக்கும். ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பொதியை முதலில் புதுப்பித்து, உடனே முழு அப்டேட்டையும் ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அரைகுறை அப்டேட், அது அடுத்த வம்பு. ஐஎஸ்ஓவும் அப்படித்தான்: மாதந்தோறும் புதிது வருகிறது, ஆறு மாதம் பழசான பென்டிரைவில் ஸ்கிரிப்டே தடுமாறும்.

டேட்டாவைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ சின்னது என்று ஏமாற வேண்டாம். டெஸ்க்டாப் முழுதும் இணையத்திலிருந்தே இறங்கும், அப்டேட்டும் ஓயாது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆர்ச்சைக் கையால் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை போட்டவருக்கு ஆர்ச்இன்ஸ்டால் மிக நல்ல கருவி. விடைகளை ஜேசன் கோப்பாகச் சேமிக்கும். அதை அடுத்த கணினிக்குக் கொடுத்தால் அதே அமைப்பு வந்துவிடும்.

## ஆர்ச், கையால்

இதில் கற்றுக்கொள்வது நிஜம். பார்ட்டிஷன் பிரிப்பது, மவுன்ட் செய்வது, பேக்ஸ்ட்ராப் கொண்டு அடிப்படைப் பொதிகளை இறக்குவது, எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணையும் என்ற எஃப்எஸ்டேப் கோப்பை எழுதுவது, பூட்லோடர் பதிப்பது. ஒரு மாலைப்பொழுது போகும். மறக்கும் பொருள்களும் எல்லோருக்கும் ஒன்றுதான். நெட்வொர்க்மேனேஜரை மறந்தால் மறுதொடக்கத்துக்குப் பிறகு இணையம் இல்லை, இணையம் இல்லாமல் அதை நிறுவவும் முடியாது. பென்டிரைவுக்கே திரும்ப வேண்டும். நோட்டோ எழுத்துருவை மறந்தால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பெரிய தவறு உடனே தெரியாது. விண்டோஸோடு சேர்த்துப் போடுபவர்கள் அது வைத்திருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ (தொடக்கக் கோப்புகளுக்கான) பார்ட்டிஷனையே பூட்டாக மவுன்ட் செய்வார்கள். தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் இனிஷியல் ரேம்டிஸ்க் கோப்புகள் அதில் அடங்காது, ஏதோ ஓர் அப்டேட்டில் இடமில்லை என்று நிற்கும். புது டிஸ்க் என்றால் 1 ஜிபி ஒதுக்குங்கள். அதைவிடக் கொடியது, எஃப்எஸ்டேப்பில் பூட் வரி விடுபடுவது. அடுத்த கர்னல் அப்டேட், பூட் பார்ட்டிஷனில் போய்ச் சேராமல் அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறையில் இறங்கும். கணினி பழைய கர்னலிலேயே ஏறும். ஆனால் அதன் மாட்யூல்கள் (டிரைவர் துண்டுகள்) அழிந்திருக்கும். வைஃபை இல்லை, யூஎஸ்பி சேமிப்பு இல்லை, பூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யத் தேவையான மாட்யூலும் இல்லை. பென்டிரைவில் ஏறி, இரண்டு பார்ட்டிஷனையும் சரியாக மவுன்ட் செய்து, லினக்ஸ் பொதியை மறுபடி நிறுவி, எஃப்எஸ்டேப்பை எழுதித் தரும் ஜென்எஃப்எஸ்டேப் ஓட்டினால்தான் விடிவு.

கரண்ட் போவதும் இதே வகைதான். ரேம்டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் அந்தக் கோப்பு அரைகுறையாகிவிடும், ஒரே ஒரு கர்னல் வைத்திருப்பவர் ஏறவே முடியாது. லினக்ஸ்-எல்டிஎஸ் கர்னலையும் கூடவே போட்டுவைத்தால் தப்பிக்க ஒரு வழி இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | மின்ட் | டெபியன் | ஆர்ச், ஸ்கிரிப்ட் | ஆர்ச், கையால் |
|---|---|---|---|---|
| முதல் பதிவிறக்கம் | சுமார் 3 ஜிபி, அதிலேயே டெஸ்க்டாப் | 800 எம்பிக்குள், மீதி இணையத்தில் | டெஸ்க்டாப் முழுதும் இணையத்தில் | அதே |
| பிந்தைய டேட்டா | மிதம் | குறைவு | அதிகம் | அதிகம் |
| ஆள் | எப்போதாவது | எப்போதாவது | அடிக்கடி | அடிக்கடி, ஆனால் தெரிந்தவர் |
| நடுவில் கரண்ட் போனால் | பழைய கர்னல், டைம்ஷிஃப்ட் | பழைய கர்னல் | பென்டிரைவ் | பென்டிரைவ் |
| பல கணினிக்கு | பரவாயில்லை | மிக நன்று | ஜேசன் உண்டு | வேண்டாம் |
| தமிழ்த் தட்டச்சு | மெனுவிலேயே அமைக்கலாம் | ஐபஸ்-எம்17என் பொதி | தானே சேர்க்க வேண்டும் | தானே சேர்க்க வேண்டும் |

## யாருக்கு எது

வீட்டில் ஒரு கணினி, பயன்படுத்துபவர் பாட்டி அல்லது தமிழ் ஆசிரியர், உதவிக்கு வருடத்தில் இரண்டு முறை வந்துபோகும் பேரன்: மின்ட். வேறு பேச்சே வேண்டாம்.

வகுப்பறை, ஐந்துக்கு மேல் கணினி, சிம் ரவுட்டர்: டெபியன். நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லும் மலிவான இரவு டேட்டா இருந்தால், கேச்சர் கணினியை மட்டும் அந்நேரத்தில் அப்டேட் செய்யவிடலாம்.

லினக்ஸ் நிர்வாக வேலைக்குப் போகும் எண்ணமுள்ள பிள்ளைக்குத் தனியாக ஒரு லேப்டாப் இருந்தால் ஆர்ச், முதல் முறை கையால். வகுப்பறைக் கணினியில் அந்தப் பயிற்சி வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் 20 ஜிபி வெற்று டிஸ்க்கில் செய்து பார்க்கச் சொல்லுங்கள், கெட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆர்ச்சை முதன்முதலில் ஸ்கிரிப்டில் போட ஆசைப்படுபவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: நிறுவி முடித்த அன்றே பென்டிரைவில் ஏறி, மவுன்ட் செய்து, ஆர்ச்-சிரூட் வழியாகத் தன் கணினிக்குள் ஒருமுறை நுழைந்து வர வேண்டும். முடியவில்லை என்றால் இப்போதைக்கு மின்ட்.

எதைப் போட்டாலும், பழைய கணினியாக இருந்தால் வேலையைத் தொடங்குமுன் பயாஸில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல் செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை. இணையப் பக்கம் திறக்காது, பொதிக் கையெழுத்து பொருந்தாது. இன்ஸ்டாலர் அதைத் தேதிக் கோளாறு என்று சொல்லாமல் இணையக் கோளாறு என்று சொல்லும், ரவுட்டரைக் கழற்றி மாட்டி அரை நாள் போகும். செல்லை மாற்றினால் தீர்ந்தது.

விண்டோஸும் சேர்ந்திருந்தால் இரண்டிலும் கடிகாரம் இரண்டு மணி நேரம் பிசகும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வன்பொருள் கடிகாரத்தில் எழுதுவதுதான் காரணம். டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை மூலம் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். கோடைநேர மாற்றம் உள்ள நாடுகளில் இதைச் செய்யாதே என்பார்கள். இங்கே அந்த மாற்றமே இல்லாததால் தாராளமாகச் செய்யலாம்.